ஆலயக் கிணற்றுப் பூட்டு

ஞாயிறு, இரவு.

சபையோரே, எல்லாச் சாதியாரும் அள்ளவென நாம் வெட்டிய கிணற்றுக்கு இரும்பு மூடியும் பூட்டும் எதற்கு? இதைக் கேட்க இன்று எனக்கு மேடை கிடைக்கவில்லை. இந்தத் தாளிடம் கேட்கிறேன்.

முன்பு போதகராய் ஊழியம் செய்த கொடிகாமத்துச் சிற்றாலயத்துக்குப் பல்லாண்டுகளின் பின் இன்று சென்றேன். ஆராதனை முடிந்ததும் சபைச் செயலர் ஜெயரத்தினத்திடம் பூட்டைப் பற்றிக் கேட்டேன்.

"தண்ணி பழுதாப் போச்சு ஐயா. நீங்கள் தேத்தண்ணி குடியுங்கோ."

நம்பியிருப்பேன். ஆனால் கப்பிக் கயிறு ஈரமாயிருந்தது. தேநீரிலும் அந்தக் கிணற்றின் பழைய இனிமையே இருந்தது.

வாயிலில் பின்தெரு றாகேல் வெற்றுக் கலனோடு நின்றாள்.

"தண்ணி பழுதில்லை ஐயா. எங்கடை வாளிதான் பழுதாம்," என்று சிரித்தாள். "பூட்டின்ரை திறப்பு செயலரின்ரை பொக்கற்றுக்கை கிடக்கு."

காலை ஆராதனையில் அவளும் செயலரும் ஒரே கிண்ணத்தில் திருவிருந்தின் திராட்சரசம் எடுத்ததைக் கண்டு உள்ளம் குளிர்ந்தேன். றாகேலுக்குப் பின் கிண்ணத்தை வாங்கிய செயலர் உண்மையில் அருந்தினாரா? உதட்டருகே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தாரா? இப்போது அதிலும் எனக்கு ஐயம். உறக்கம் வரவில்லை.

செயலரே, விடிந்ததும் உம் வாசலில் நிற்பேன். விளக்கம் வேண்டாம், செபமும் வேண்டாம். திறப்பை எடுத்து றாகேலின் கையில் கொடும்.