பாதி ஜெபத்தில் ஓர் ஆமென்

என் ராசா,

"இனிமே எனக்கு ஜெபமும் வேணாம், கோயிலும் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனவனுக்கு ஜெபத்தைப் பற்றியே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

சின்ன வயதில், சாப்பாட்டுக்கு முன் அப்பா நீட்டி முழக்கி ஜெபிக்கும்போது, பசி பொறுக்காமல் பாதியிலேயே "ஆமென்" என்று கத்திவிடுவாய். அப்பா முறைப்பார். "ஆண்டவருக்கும் பசிக்கும்ல, விடுங்கப்பா" என்பாய்.

அப்பா போன பிறகு நான்தான் ஜெபிக்கிறேன். நீ "ஆமென்" என்று கத்தும் அந்த இடம் வந்ததும் என்னையறியாமல் நிறுத்திவிடுகிறேன். ஃபிரிட்ஜ் மட்டும் உறுமுகிறது. தட்டில் சாப்பாடு ஆறிப்போகிறது.

பிள்ளை குறுக்கே பேசமாட்டானா என்று ஆண்டவரும் இப்படித்தான் காத்திருப்பார் போலிருக்கிறது. இத்தனை வருடப் பிரசங்கத்தில் விளங்காதது, உன் காலி நாற்காலியைப் பார்த்து விளங்கியது.

நம்பிக்கையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நீ பசியோடு வா, போதும்.

அம்மா