சைலன்சர் சுடவில்லை

இல்லை மாமா, எனக்குப் புண் ஆறப் பத்து நாள்கூட ஆகவில்லை. நந்தனம் சிக்னலில் வண்டி சறுக்கி முழங்கை கிழிந்ததே, இன்று காலை அந்தப் பக்கு தானாக உதிர்ந்துவிட்டது. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். அதைப் பார்த்ததும் உன்மேல் கோபம்தான் வந்தது. உன் இரண்டு விரலுக்கு நான்கு மாதம் போதவில்லை.

ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் வெல்டிங் மூட்டுகளைக் கதிர்வீச்சால் படம் எடுப்பது உன் வேலை. உடம்பில் எவ்வளவு பட்டது என்று காட்டும் பேட்ஜைச் சட்டையில் குத்தியிருக்க வேண்டும். நீங்கள் யாரும் குத்தியதில்லை. அளவு ஏறினால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று சாப்பாட்டுப் பையில் போட்டுவைப்பீர்கள். விரல் கெட்ட அன்று, கதிர் விடும் சின்ன உலோகத் துண்டு அதன் காப்புப் பெட்டிக்குள் திரும்பிவிட்டதா என்று மீட்டரில் பார்க்காமல், அது போய்வரும் குழாயைக் கையால் கழற்றினாய். துண்டு குழாய் முனையிலேயே நின்றிருந்தது.

இதை நீ என்னிடம் சொன்னது இரண்டு வாரம் கழித்து. விரல்கள் கொப்பளித்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், தேனாம்பேட்டை சிக்னலில், என் பின்னால் உட்கார்ந்துகொண்டு.

"டாக்டர் கேட்டா உன் வண்டி சைலன்சர்ல கை வச்சுட்டேன்னு சொல்லு. நெசம் தெரிஞ்சா வேலை பூடும். இன்னா, புரிதா?"

"பொய் சொன்னா எப்டி மாமா வைத்தியம் பாப்பாங்க?"

"புண்ணு இன்னா, பேர் கேட்டுக்கினா ஆறும்?"

விலங்கியலைப் பாதியில் விட்டு ஓடிவந்தவன்தான் நான். இருந்தாலும் தெரிந்ததைச் சொன்னேன். தோலின் அடியடுக்கில் செல்கள் ஓயாமல் பிரிந்து மேலே வந்துகொண்டிருக்கும். கதிர் முதலில் கெடுப்பது அப்படிப் பிரிகிற செல்களைத்தான். மேலே இருப்பது பழைய தோல் என்பதால் சில நாள் எதுவும் தெரியாது. அது உதிரும்போது கீழிருந்து வர ஆளிருக்காது.

"டிகிரியே முடிக்கல, எனக்குப் பாடம் எடுக்கிறியா? சிக்னல் வுட்டாச்சு, வண்டிய எடு."

எடுத்தேன். டாக்டரிடம் சைலன்சர் என்றேன். காலேஜை விட்டபோது வீட்டில் என்னைத் திட்டாதவன் நீ ஒருத்தன்தான். அதற்காகச் சொன்ன பொய்.

புண் மூடவில்லை. தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். கறுத்து உரிந்தது.

"வெறும் சூட்டுப் புண்ணுன்னா இந்நேரம் பிடிச்சிருக்கணும். வேற ஏதாவது பட்டுச்சா?" டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். மேசைக்குக் கீழே நீ என் காலை மிதித்தாய். கதிர் பட்ட இடத்தில் சின்ன ரத்தக் குழாய்களும் கெட்டுப்போயிருக்கும், ஒட்டிய தோலுக்கு ரத்தம் வராது. எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. விரலை எடுத்துவிடலாம் என்றபோதும் நீ மாட்டேன் என்றாய். கிருமி ரத்தத்தில் கலந்து, ஒரே வாரத்தில் போய்விட்டாய்.

உன் பெண்டாட்டி, என் அக்கா, இன்னும் என் வண்டியில் ஏறுவதில்லை. "உன் வண்டிதாண்டா அவரைத் தின்னுச்சு" என்கிறாள். மயிலாப்பூர் போக வெயிலில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறாள். நல்ல ஏற்பாடு செய்துவிட்டுப் போனாய்.

உன் சாப்பாட்டுப் பைக்குள் பேட்ஜ் கிடைத்தது. புதுசு மாதிரி இருக்கிறது. இந்த வீட்டில் எதுவும் படாமல் தப்பித்தது அது ஒன்றுதான். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

அக்கா என் முழங்கையைப் பார்த்துவிட்டாள். "உனக்கு மட்டும் எப்டிடா இவ்ளோ சீக்கிரம் ஆறிச்சு?" என்று சமையலறையிலிருந்து கேட்கிறாள். பேட்ஜை எடுத்துக் காட்டப் போகிறேன். உன் பொய்யோடு என் பொய்யையும் சொல்ல வேண்டும். மறுபடி கூப்பிடுகிறாள். நான் போகணும்.