அடுத்த அறைக்குப் போகக்கூடாத பேச்சு

இல்லை பாப்பா, மத்தியஸ்தர் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை. இன்றைக்குத்தான் கடைசித் தேர்வு, நிஜ வழக்கு. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்ற நினைப்பில் எழுதுகிறேன், இங்கே அப்பாவும் நானும் அப்படியே. மூன்று மணி வரை இடைவேளை. வராந்தா பெஞ்சு. எழுதினால்தான் மனம் ஒரு இடத்தில் நிற்கும் போலிருக்கிறது.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலை. இருபது வருஷக் கூட்டாளிகள் இருவர், ஒருவர் மெஷின்களைப் பார்ப்பவர், மற்றவர் ஆர்டர் பிடிப்பவர். பிரிய வேண்டுமாம், மெஷின் கூடம் யாருக்கு என்பதில் இழுபறி. கோர்ட்டுக்குப் போனால் இங்கே பத்து வருஷம், அதற்குள் மெஷின் துருப்பிடிக்கும், நாற்பது பேர் தெருவில் நிற்பார்கள். அதனால்தான் எங்களைப் போன்றவர்களை மத்தியஸ்தத்துக்குப் பழக்குகிறார்கள். முதல் பாடமே, தனி அறையில் ஒருவர் சொன்னது அவர் சம்மதமில்லாமல் அடுத்த அறைக்குப் போகக்கூடாது என்பது.

காலையில் மெஷின்காரர் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுக் கையை மேஜைமேல் வைத்துக் காட்டினார். நடுங்கியது. பிளேடு பக்கம் போகவே பயமா இருக்கும்மா, வீட்லகூடச் சொல்லல, அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க என்றார். தலையாட்டினேன். அடுத்த அறையில் நான் கேட்ட முதல் கேள்வி, மெஷின் கூடத்தை நீங்களே எடுத்து நடத்த முடியுமா என்பது. கேட்ட பிறகுதான் உறைத்தது. ஆர்டர்காரர் என்னையே பார்த்தார். உயிரே போனாலும் கூடத்தை விடமாட்டேன்னவனாச்சே, அவனுக்கு ஒடம்பு ஏதும் சரியில்லையா என்றார். அதைப் பற்றிப் பேசக்கூடாது என்றாவது சொல்லியிருக்கலாம். சும்மா இருந்தேன். அதுவே அவருக்குப் போதும். கண் கலங்கி, லூசுப்பய, எங்கிட்ட சொல்றதுக்கென்ன என்றார். அப்புறம் எல்லாவற்றுக்கும் இறங்கி வந்தார்.

அதுதான் என்னை அரிக்கிறது. மூலையில் உட்கார்ந்து பார்த்த பயிற்சியாளர் வெளியே வந்து, வெண்ணெய் திரளுற நேரம், தாழிய ஒடச்சுடாதீங்க, கையெழுத்தாகட்டும், சான்றிதழுக்கு நானாச்சு என்றார். என் கேள்வியால் ரகசியம் வெளியானதைச் சொன்னால் மெஷின்காரர் எழுந்து போய்விடலாம். சொல்லாவிட்டால், எதிராளி ஏன் இறங்கினான் என்று தெரியாமலே கையெழுத்துப் போடுவார். அப்பாவுக்குப் போன் போட்டேன். ஊருக்குப் பஞ்சாயத்து பண்ணப் போனவளுக்கே பஞ்சாயத்தா என்று சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

மாப்பிள்ளையோடு மனத்தாங்கல் வந்தால் அன்றைக்கே பேசிவிடு, நடுவில் ஆள் வைக்காதே. கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே, போன மாதமும் இதையே எழுதினேன். இருவரும் ஒரு குறையுமில்லாமல் வாழ என் ஆசி.

உன் அம்மா

பின்குறிப்பு: மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் மெஷின்காரர் இருந்த அறைக்குப் போய், நான் செய்ததை அவரிடம் சொன்னேன்.