நாலடிச் சந்து

2022 ஆகஸ்ட் 2
மழை. வியாபாரம் கம்மி. என் பாத்திரக் கடைக்கும் இளஞ்செழியனின் பூஜை சாமான் கடைக்கும் நடுவே உள்ள நாலடிச் சந்தில், கால்வாயை மூடியிருக்கும் கருங்கல் குறுக்கே விரிசல் விட்டிருக்கிறது. பன்னிரண்டு வருஷம் முன்பு போட்டது நான்தான். ஆனால் மாற்ற முடியாது. சந்து என்னுடையது என்று நான் போட்ட வழக்கும், தன்னுடையது என்று அவர் போட்ட வழக்கும் ஆறு வருஷமாக நடக்கின்றன. இருப்பது இருந்தபடி இருக்கட்டும் என்று கோர்ட் உத்தரவு. நான் கல்லைத் தொட்டால் அவர் புகார் கொடுப்பார். அவர் தொட்டால் நான் கொடுப்பேன். ஆகவே விரிசல் பத்திரமாக இருக்கிறது.

மருமகள் ஆர்த்திக்கு ஏழாம் மாதம். பின்பக்கத்து வீட்டிலிருந்து கடைக்குச் சந்து வழியாக வராதே, தெருவைச் சுற்றி வா என்றேன். "ரொம்ப தூரம் மாமா" என்றாள். தூரம்தான்.

ஆகஸ்ட் 10
பூக்காரி கன்னியம்மாள் சந்தில் விழுந்துவிட்டாள். பின்பக்கக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வரும்போது கல் இரண்டாகப் பிளந்து உள்ளே போனது, அவளுடைய வலது காலோடு. நானும் இளஞ்செழியனும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துத் தூக்கினோம். ஆறு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து செய்த ஒரே வேலை. ஆட்டோவில் ஏற்றும்போதும் "கூடையப் பாத்துக்கோ முதலாளி, பௌர்ணமிக்கு வாங்கின சாமந்தி" என்றாள்.

ஆகஸ்ட் 13
முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. பிளேட் வைத்திருக்கிறார்கள். இனிமேல் சம்மணம் போட முடியாதாம். அவள் செய்வது உட்கார்ந்து பூக் கட்டுகிற தொழில்.
ஹார்லிக்ஸ் வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன கொடுப்பது?

2023 பிப்ரவரி 6
கன்னியம்மாள் எங்கள் இருவர் மீதும் வழக்குப் போட்டுவிட்டாள். கவனக்குறைவாம். சைக்கிள் கேரியரில் டம்ளர் கட்டி ஊர் ஊராக விற்று இந்தக் கடையைப் பிடித்தவன் நான். ஒரு கரண்டி எண்ணிக்கையில் தவறியதில்லை. எனக்கா கவனக்குறைவு?

பிப்ரவரி 9
வேங்கிக்காலில் வக்கீல் சிந்துஜாவைப் பார்த்தேன். "இந்த வழக்குல சந்து உங்களுது இல்லன்னு சொன்னா நல்லது சார். ஆனா அந்த வழக்குல உங்களுதுன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க."
"இளஞ்செழியன்?"
"அவரும்தான்." சொல்லிவிட்டு ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டாள். சிரிக்கிறாள். சிரிப்பதற்கும் சேர்த்துத்தான் ஃபீஸ் போலிருக்கிறது.

ஏப்ரல் 20
சந்து அவருடையது என்று நான் பதில் தாக்கல் செய்தேன். என்னுடையது என்று அவர் செய்திருக்கிறார். இன்று இரண்டு வழக்குக்கும் வாய்தா. காலையில் ஒரு கோர்ட்டில் சந்து என்னுடையது. மதியம் இன்னொரு கோர்ட்டில் அவருடையது. நடுவில் தயிர்சாதம்.
டீக்கடையில் இளஞ்செழியன், "அண்ணே, உங்க சந்துல கல்லு போயிடுச்சாமே?" என்றார்.
"உன் சந்துப்பா" என்றேன்.
டீக்கடைக்காரருக்குப் புரை ஏறியது.

2024 ஜூலை 15
வியாழக்கிழமை கூண்டில் ஏற வேண்டும். சந்து யாருடையது என்பதே முக்கியமில்லை என்கிறாள் சிந்துஜா. கல்லைப் போட்டது யார், அந்த இடம் யார் கையில் இருந்தது, அவள் அங்கே நடப்பதை யார் ஒத்துக்கொண்டது, ஆபத்து என்று யாருக்குத் தெரியும் — இதைத்தான் பார்ப்பார்களாம். அதிலும் கடைசிதான் பெரிசாம்.

அது எனக்குப் புதிதா என்ன? ஒழுகுகிற குடம் திரும்பி வந்தால் தினம் நானே பார்ப்பதுதானே. தெரியாமல் விற்றிருந்தால் ஒரு பேச்சு, தெரிந்து விற்றிருந்தால் வேறு பேச்சு.
விரிசலை அவள் விழுந்த பிறகுதான் பார்த்தேன் என்று சொல்வதாக முடிவு. பார்த்ததற்கு இந்த நோட்டைத் தவிர சாட்சி இல்லை. நோட்டைக் கோர்ட்டுக்கு யார் கூப்பிடப் போகிறார்கள்?

ஜூலை 18
கூண்டு.
கன்னியம்மாளின் வக்கீல் ஒல்லியான மனிதர், பேசுவதும் மெதுவாக. அவள் சந்தில் நடக்க நான் அனுமதி கொடுத்தேனா என்று கேட்டார். இல்லை என்றேன்.
"போகாதேன்னு சொன்னீங்களா?"
"இல்ல."
"தினமும் உங்க கடை சாமி படத்துக்கு ஒரு முழம் பூ வைப்பாங்களாமே. அது எதுக்கு?"
"அவங்க பிரியம்."
"நீங்க வேண்டாம்னு சொல்லல?"
"சாமிக்கு வைக்கிறத நான் எப்படிங்க வேண்டாம்னு சொல்றது?"
நீதிபதி எதையோ எழுதிக்கொண்டார்.

அடுத்து விரிசல். விழுந்த பிறகுதான் தெரியும் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வீட்டுப் பேச்சுக்குப் போனார். பேரன் எப்படி இருக்கிறான், மருமகள் சௌக்கியமா. சௌக்கியம் என்றேன்.
"மாசமா இருந்தப்ப உங்க மருமக தெருவைச் சுத்தி வந்தாங்களாம். கன்னியம்மாள் பாத்திருக்காங்க. அவ்வளவு தூரம் ஏன் நடக்கவிட்டீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளைத்தாச்சியை நான் நடக்கவிட்டேனா?

"நடக்கவிடறதா? நான்தாங்க அந்தப் பக்கம் வராதேன்னு சொன்னேன். கல்லு—"
அங்கே நிறுத்தினேன். நிறுத்தி என்ன பிரயோஜனம்? சிந்துஜா பேனாவை மூடி வைத்துவிட்டாள். கன்னியம்மாள் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 19
ஆர்த்தி கேட்டாள்: "எங்கிட்ட சொன்னத அவங்ககிட்டயும் சொல்லியிருக்கலாமே மாமா?"
தோணலையே. நிஜமா தோணவே இல்ல. தினம் நாலு தடவ என் கண்ணு முன்னாலதான் போய்ட்டு வந்தா.

2025 மார்ச் 21
தீர்ப்பு. பொறுப்பில் எண்பது பங்கு எனக்கு. கற்பூரப் பெட்டிகளைச் சந்தின் பாதி அகலத்துக்கு அடுக்கி, எல்லோரையும் அந்தக் கல்லின் மேலேயே நடக்க வைத்ததற்காக இளஞ்செழியனுக்கு இருபது. கன்னியம்மாள் மேல் தப்பே இல்லையாம். தினம் நடக்கும் வழியில் ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்து நடக்கும் கடமை அவளுக்கில்லை.

கோர்ட் உத்தரவு இருந்ததால்தான் கல்லைத் தொடவில்லை என்று வாதாடினோம். உத்தரவு கல்லைத் தொடுவதற்குத்தான் தடை, எச்சரிக்கையாக ஒரு வார்த்தை சொல்வதற்குத் தடை இல்லை, அந்த வார்த்தையை இவர் மருமகளிடம் சொல்லியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறார் நீதிபதி. மூன்று தடவை படித்தேன். ஓட்டை தென்படவில்லை.

சந்து யாருடையது என்பதைப் பற்றி இந்தத் தீர்ப்பில் எதுவும் சொல்லவில்லையாம். அந்த வழக்கு நடக்கும்.
அப்பீல் போகலாம் என்றாள் சிந்துஜா. வேண்டாம் என்றேன்.

ஜூன் 14
கோர்ட் அனுமதியோடு போன வாரம் புதுக் கல் போட்டாயிற்று. போர்டும் வைத்துவிடுங்கள் என்றாள் சிந்துஜா. இன்று பெயின்டர் வந்தார். "பார்த்து நடக்கவும்" என்று எழுதி முடித்துவிட்டு, "கீழ பேரு எதுனா போடணுமா சார்?" என்றார்.
"அன்பரசன் பாத்திரக் கடைன்னு போடு."
எங்கிருந்துதான் பார்த்தாரோ, இளஞ்செழியன் கல்லாவை விட்டு இறங்கி வந்தார். "பேரப் போட்டா இடம் உங்களுதுன்னு ஆயிடுமா அண்ணே? என் பேரும் வேணும். இருபது பங்கு எனக்கும் கீது."
"போடுப்பா" என்றேன் பெயின்டரிடம். "அளவு பாத்துப் போடு. எண்பதுக்கு இருபது."

பெயின்டர் ஸ்கேலை எடுத்து அளந்துகொண்டிருந்தபோது கன்னியம்மாள் தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். கண்ணாடி கொண்டு வரவில்லை. "இன்னா எழுதிகீது முதலாளி?"
படித்துக் காட்டினேன்.
"இத்த அன்னிக்கு வாயால சொல்லியிருந்தா பெயின்ட்டு மிச்சம்" என்று சொல்லிவிட்டு, புதுக் கல்லின் மேல் ஏறி, குழாய்ப் பக்கம் போனாள்.