வாளியில் புளியோகரே

என்னங்க,

பதறாதீங்க, உங்க தூண்டில் புழு எல்லாம் உயிரோடதான் இருக்கு. காலையில பாத்தா, வாளி விளிம்புல ஏறி நெளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மண்ணைக் கிளறினா உள்ள நான் உங்களுக்குப் போட்ட புளியோகரே சோறு! ராத்திரி என்மேல இருந்த கோவத்துல அங்க கொட்டிட்டுத்தான் ‘சாப்பிட்டாச்சு’ன்னீங்களா? உப்பும் புளியும் அதுங்க உடம்புக்கு ஆகுமா? அந்த வாளி வீட்டுலயே இருக்கக்கூடாதுன்னு சண்டை போட்ட நானே, கையால எடுத்துப் புது மண்ணுல விட்டு, ஈரச் சாக்கு போட்டு மூடினேன். எல்லாம் உள்ள இறங்கிடுச்சு. அப்பாடா!

வேலைக்குப் போறேன். சாவியைப் பக்கத்து வீட்டு ஜெயம்மாகிட்ட குடுங்க.

கோமளா

மிச்ச புளியோகரே தூக்குல இருக்கு, நீங்களே சாப்பிடுங்க.

இன்னொண்ணு. கோவம்னா எங்கிட்டயே காட்டுங்க. அதுங்க வாயில்லா ஜீவன். எனக்கு வாய் இருக்கு.