பாப்பாவுக்காக ஒரு கார்

ஊரார் கார்களையெல்லாம் ஓட்டிப்போன என் நைனாவுக்கு,

நீ போனபின் வரும் இரண்டாவது மழைக்காலம் இது. திருப்பதியில் மழை விடமாட்டேன் என்கிறது. போன வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல். ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரேணிகுண்டா ரோட்டில் ஒரு லாரி வாரியடித்த சேற்றுத் தண்ணீரில் எனக்குக் கண்ணே தெரியவில்லை. எப்படி ஓரங்கட்டினேனோ. பாப்பா அழவில்லை, நைனா. என் கையைப் பிடித்த பிடியை மட்டும் விடவில்லை. அன்றுதான் உன் மாப்பிள்ளை, கார் வாங்கிவிடலாம் என்றார்.

உன்னைத்தான் நினைத்தேன். புதுக் கார் வாங்கி ஓட்டத் தெரியாதவர்கள் உன்னைக் கூப்பிடுவார்கள். காணிப்பாக்கம் பிள்ளையார் முன் பூஜை போட்டு, அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு நீ பஸ்ஸில் வருவாய். நமக்கு எப்போது என்று கேட்டால், "சம்பளம் நடந்து போவுது கண்ணு, காரு வெல காருலயே போய்க்கினு இருக்குது. எட்டிப் புடிக்க முடியுமா?" என்று சிரிப்பாய்.

நான் படித்தேன். ஸ்ரீசிட்டியில் வேலைக்கும் போனேன். சம்பளம் ஏறும்போதெல்லாம் வாடகையும் கேஸும் அரிசியும் முதலில் கை நீட்டின. முன்பு பெரிய கார் விற்ற விலைக்கு இப்போது சின்னக் கார்தான் வருகிறது. மாப்பிள்ளை உன்னைவிட எத்தனையோ மடங்கு சம்பாதிக்கிறார். இருந்தும் ஏன் நைனா நாம் அதே தூரத்தில் நிற்கிறோம்?

ஞாயிற்றுக்கிழமை ஷோரூமுக்குப் போனோம். பாப்பா பின் சீட்டில் படுத்துக்கொண்டு இறங்கமாட்டேன் என்றாள். அங்கிருந்த பெண் கணக்குப் பார்த்துவிட்டு, "சார் ஒக்கரி ஜீதம் சாலது மேடம். நீங்களும் ஜாப்புக்குப் போனா லோன் ஈஸியா வந்துரும்" என்றாள். ஒரு சம்பளம் போதாதாம். பாப்பா பிறந்ததும் நான் வேலையை விட்டுவிட்டேனே.

வெளியே வந்ததும் அவர் சொன்னார்: "நீ மறுபடி கம்பெனிக்குப் போ. பாப்பாவ நகரியில எங்கம்மாகிட்ட விட்டுடலாம். சனிக்கிழமையானா நம்ம கார்லயே போய்ப் பாத்துக்கினு வரலாம்."

"கார் யாருக்குங்க?"

"இது என்னா கேள்வி? பாப்பாவுக்குத்தான்!"

சொல்லிவிட்டு அவரே பாப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

அவர்மேல் கோபமில்லை. எனக்கிருக்கும் பயம்தான் அவருக்கும். ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். இந்த அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது. யாரைக் கேட்பேன்? மழையில் நனைத்துக் கூட்டிப்போகிறவள் தாயா, நனையக் கூடாதென்று தூரத்தில் விட்டுவைக்கிறவள் தாயா? நீ இருந்தாலும் பதில் சொல்லமாட்டாய். "டீ போடும்மா" என்பாய். அந்தக் குரல் போதுமே எனக்கு.

அவர் வந்ததும் சொல்லப்போகிறேன், லோனில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று. மழை நாளில் ஆட்டோ பிடித்துக்கொள்கிறேன். உனக்கு ஒரு வார்த்தை தருகிறேன், நைனா. எவ்வளவு பெய்தாலும் பாப்பா என்னோடுதான் இருப்பாள். பயத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.

உன் மூத்த பெண்,
சரசா