இடது முன்சக்கரம்

அக்டோபர் 24, செவ்வாய்

அவருடைய டயாலிசிஸுக்குப் போய்வந்தோம். சார்மாடி மலைப்பாதையில் இறங்கும்போது ஸ்டியரிங் கையில் நடுங்கியது. நேராக ஓடும்போதுதான், பிரேக் போட்டால் இல்லை. "ஏங்க, உங்களுக்குத் தெரியுதா?" என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "நடுங்குறது உன் கை ஜலஜா. வண்டி இல்ல," என்றார்.

இதே மலையில் இருபத்தெட்டு வருஷம் அரசுப் பேருந்து ஓட்டியவர் சொல்கிறார். நான் ஓட்டக் கற்று ஒன்றரை வருஷம். அவருக்குக் கண் மங்கியதால் கற்றது. நேற்றுதான் ஆயுத பூஜை. டிப்போவில் அவர் வருஷா வருஷம் செய்தது போலவே நாலு சக்கரத்தையும் நானே கழற்றிக் கழுவி, வெள்ளிப் பெயின்ட் அடித்து, பூசணிக்காய் உடைத்தேன். வண்டி ஜம்மென்று இருக்கிறது. நடுக்கம் என்னுடையதுதானோ?

அக்டோபர் 25

மனசு கேட்கவில்லை. பணகல் மெக்கானிக் இம்தியாஸிடம் விட்டேன். முன்சக்கரங்களைக் கழற்றி பேலன்ஸ் பார்த்து மாட்டினான். வெண்ணெய் மாதிரி ஓடியது.

அக்டோபர் 27, வெள்ளி

போகும்போது ஒன்றுமில்லை. திரும்பி ஏறும்போது மறுபடி. அவர் பக்கத்து முன்சக்கரம், இடது. அவர் காலடியிலேயே! "தெரியலையா?" "ஒண்ணும் இல்ல. ரோட்டப் பாரு."

அக்டோபர் 28

இம்தியாஸ் சிரிக்கிறான். "அக்கா, நீங்க கொட்டிகெஹாரா தாண்டி மலை இறங்கினதுமே சாமிய கூப்பிட ஆரம்பிச்சிடுறீங்க. பயந்தவங்க ஓட்டினா புது வண்டியும் ஆடும்." சிரித்துக்கொண்டேதான் ஏதோ ஒரு ஜாயின்டை மாற்றினான். சக்கரத்தைக் கழற்றி மாட்டினான். நன்றாகத்தான் ஓடுகிறது. அதுதான் பயமாக இருக்கிறது. அவன் தொட்டால் இரண்டு நாள் நன்றாக ஓடுகிறது, அப்புறம் ஏன்?

அக்டோபர் 31

வந்துவிட்டது. இப்போது டக் டக்கென்று சத்தமும்.

நவம்பர் 2

நாளை வெள்ளி. ஊரிலிருக்கும் ஒரே வாடகைக் கார் ஹாசனாம்பா கோயில் தரிசனத்துக்குப் போய்விட்டது. இம்தியாஸும் அங்கேதான், ஒரு வண்டியோடு. டயாலிசிஸ் முடிந்து பஸ்ஸில் அவரால் உட்கார முடியாது. ஒருமுறை போகாமல் விட்டதற்கே நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. போனால் பள்ளம். போகாவிட்டால்?

நவம்பர் 3, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

மூடுபனி. ஐந்தாவது வளைவில் சத்தம் தடதடவென்று ஆனது, வண்டி இடப்பக்கம் இழுத்தது. இடப்பக்கம்தான் பள்ளம். எப்படி நிறுத்தினேன் தெரியாது. இறங்கிப் போய்ச் சக்கரத்து நட்டைத் தொட்டேன். இரண்டு விரலில் சுழன்றது! நாலில் ஒன்று காணவே காணோம். மீதி இரண்டும் அதே போல் தளர்ந்திருந்தன. ஸ்பேனரின் மேல் ஏறி நின்று முறுக்கினேன். மூன்று நட்டில், முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும், கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கித் தொட்டுப் பார்த்தே போய்ச் சேர்ந்தோம். திரும்பியதும் அப்படித்தான்.

ஐயோ, இன்னும் ஒரு வளைவு போயிருந்தால்...

நவம்பர் 4

இம்தியாஸ் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டான். உள்பக்கம், வண்டியோடு ஒட்டி உட்காரும் இடமெல்லாம், பெயின்ட் நசுங்கித் திட்டுத் திட்டாக உரிந்திருந்தது.

"உள்பக்கமும் யாரு அக்கா அடிச்சது?"

"நான்தான். ரெண்டு கோட்."

தலையில் கை வைத்துக்கொண்டான். "பூஜைக்கு எல்லாரும் முன்பக்கம்தான் அடிப்பாங்க! பெயின்ட் நசுங்க நசுங்க நட்டு லூசாகும். நான் முறுக்குவேன், அது மறுபடி நசுங்கும். ரெண்டு தடவ கழட்டியும் என் கண்ணுல படலையே. என்னச் செருப்பால அடிக்கணும்." நாலு சக்கரத்தையும் சுரண்டி இரும்பு தெரிய மாட்டிக் கொடுத்தான்.

பக்தி முற்றி அவரைக் கொல்லப் பார்த்தவள் நான். வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லி அழுதேன். அழுதுகொண்டே கேட்டும்விட்டேன். "நட்டு லூசானா கால்லயே தெரிஞ்சிடும்னு டிப்போல பெரும பேசுவீங்களே. உங்க காலுக்குக் கீழதானே ஆடிச்சு?"

குனிந்து பாதத்தைத் தடவிக்கொண்டே, "கால்ல ஒண்ணும் தெரியல ஜலஜா. மழ ஆரம்பிச்சதுலேருந்தே. செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியறதில்ல."

"ஏன் சொல்லல?"

"பஸ் ஓட்டினவனாச்சேன்னு நம்பி என்னைக் கேட்டே, தெரியுதான்னு. தெரியலன்னு சொல்ல வாய் வரல."

நவம்பர் 7, செவ்வாய்

வண்டி துளியும் நடுங்கவில்லை. அவர் கால் விஷயத்தை டாக்டரிடம் நானே சொன்னேன். அவரைக் கண்ணை மூடச் சொல்லி, குத்துவது தெரிந்தால் சொல்லச் சொல்லி, ஊசி முனையால் ஒவ்வோர் இடமாகத் தொட்டார் டாக்டர். பெருவிரல், உள்ளங்கால், குதிகால். அவர் பேசவேயில்லை. டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு ஊசியைத் தட்டில் வைத்தார்.

அப்போதுதான், கண்ணை இறுக மூடியபடியே, "ஆ... இப்ப தெரியுது டாக்டர்," என்றார்.